பிரேமலாவும் நூற்றிருபது குட்டிகளும்

"எங்க சித்தப்பாவுக்கு அந்தக் கீரத் தண்ணிய மூணு மாசம் குடிச்சதுல சுகர் அப்டியே எறங்கிடுச்சு" என்று யாராவது ஆரம்பித்தால் பிரேமலா கையில் இருக்கும் தட்டைக் கீழே வைத்துவிடுவாள். கல்யாண மண்டபமா, கருமாதி வீடா என்ற பேதம் அவளுக்குக் கிடையாது. "எத்தன பேரு குடிச்சாங்க?" என்பாள். சித்தப்பா ஒருவர்தான் குடித்திருப்பார். "குடிக்காதவங்கள்ல எத்தன பேருக்கு எறங்குச்சு?" என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இதுவரை யாரும் நின்றதில்லை. காரை வழியில் நிறுத்தியிருக்கிறேன் என்றோ, பிள்ளை அழுகிறது என்றோ நழுவிவிடுவார்கள். போகிறவரின் முதுகைப் பார்த்து, "அப்டி சொல்ல முடியாது லா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தட்டை மறுபடி எடுத்துக்கொள்வாள்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதுதான் அவளுடைய தொழிலும். ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாகப் புள்ளியியல் வேலை. மருந்தகத்துக்கும் படிக்கட்டுக்கும் இடையில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே மருத்துவர்கள் வருவார்கள், உட்கார மாட்டார்கள். ஆய்வை முடித்து, நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பி, மருந்தையும் தீர்த்த பிறகு, ஒரு பென்டிரைவை நீட்டிக் கொஞ்சம் பார்த்துக் கொடுக்கச் சொல்வார்கள். சோறு குழைந்த பிறகு வந்து தண்ணீர் அளவு கேட்கிறவர்கள் என்று அவள் அவர்களைச் சொல்வாள். அவர்கள் அவளை 'ஸ்டாட்ஸ்' என்கிறார்கள். "ஸ்டாட்ஸ் சாப்பிடப் போயிட்டாங்களா?" என்று வாசலில் குரல் கேட்கும். அவள் பெயர் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தேவைப்படவில்லை.

திரையில் ஓர் இரும்பு அடிக்கோலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டேதான் பட்டியலைப் படிப்பாள். திரையின் நடுவில் அதனால் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய்ப் பள்ளி. பேச்சு தமிழில் வரும். எண்கள் மட்டும் மலாயில்தான் வரும். "லாபான் பூலோ சத்து, லாபான் பூலோ டுவா" என்று எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என எண்ணி அவள் முணுமுணுப்பதை, பக்கத்து மருந்தகத்தில் இருப்பவர்கள் ஏதோ ஜெபம் என்று பல நாள் நினைத்திருந்தார்கள்.

ஒருமுறை பெரிய மருத்துவர் ஒருவர் வந்தார். இரண்டே இரண்டு நோயாளிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் முடிவு அழகாக வரும் என்றார். "தாராளமா எடுக்கலாம் டாக்டர். ஏன் எடுத்தோம்னு மொதப் பக்கத்துலயே எழுதிடலாம்" என்றாள் பிரேமலா. அவர் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போனவர், அதன் மூடியை விட்டுவிட்டுப் போனார். மூடியை உறையில் போட்டு அவர் அறைக்கு அனுப்பிவைத்தாள்.

இவ்வளவு கறாரான பிரேமலாவுக்கு ஓர் ஓரகத்தி இருக்கிறாள்.

கணவன் விஜயனின் தம்பி ஆறு வருடங்களுக்கு முன் கட்டிக்கொண்டு வந்த ரூபினி, கால்நடை மருத்துவர். மாமியார் கிருஷ்ணம்மா சின்ன மகனோடு கூலாயில் இருக்கிறார். பிரேமலாவும் விஜயனும் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே சாப்பிடப் போவார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால், "பெரியவ கணக்கு வேல பாக்குறா, சின்னவ டாக்டரு" என்று கிருஷ்ணம்மா மருமகள்களை அறிமுகப்படுத்துவார். கணக்கு வேறு, தன் வேலை வேறு என்று பிரேமலா இரண்டு மூன்று முறை விளக்கிப் பார்த்தாள். "ரெண்டுலயும் நம்பருதானே?" என்றார் மாமியார். அதோடு விட்டுவிட்டாள்.

உறவினர்கள் ரூபினியிடம் முழங்காலைக் காட்டுவார்கள். "நான் ஆடு மாட்டுக்குப் பாக்குறவங்க" என்று அவள் சிரித்தாலும், வலி எல்லாம் ஒன்றுதானே என்று வேட்டியை இன்னும் கொஞ்சம் தூக்குவார்கள். பிரேமலாவிடம் யாரும் எதையும் காட்டுவதில்லை. வருமான வரிப் படிவம் நிரப்பும் மாதத்தில் மட்டும் ஓரிருவர் வருவார்கள்.

மாமியார் தன்னைவிட ரூபினியை அதிகம் பேசுகிறார் என்ற எண்ணம் அவளுக்கு முதலில் எழுந்தபோது, அதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது எண்ணினாள். ரூபினியின் பெயர் பதினொரு முறை, தன் பெயர் இரண்டு முறை. ஒரு நாளை வைத்து எதுவும் சொல்ல முடியாதென்று அடுத்த ஐந்து ஞாயிறும் எண்ணினாள். விகிதம் பெரிதாக மாறவில்லை. ஆறாவது வாரத்தில் தன் பெயர் ஐந்து முறை வந்தது. அதில் நான்கு, ஊறுகாய் ஜாடி எங்கே என்று கேட்பதற்காக.

ரூபினி கெட்டவளாக இருந்திருந்தால் எளிதாகப் போயிருக்கும். அவள் வேலையிலிருந்து முழங்கால்வரை சேற்றோடு வருவாள். கைகால் கழுவிக்கொண்டு நேராக அடுப்படிக்கு வந்து, "அக்கா, நான் தேங்கா துருவுறேன், நீங்க உக்காருங்க" என்பாள். குரலில் நடிப்பு இருக்கிறதா என்று பிரேமலா பல வருடங்களாகத் தேடிப் பார்த்துவிட்டாள். பிரேமலா ஆசையாக வளர்க்கும் பூனை யார் மடியிலும் ஏறாது. ரூபினி முதன்முறை பெர்மாஸ் ஜெயா வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், அது கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து அவள் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. "என்னடி குட்டி" என்று ரூபினி அதன் தாடையைச் சொறிந்தாள். பிரேமலா சிரித்துக்கொண்டே தேநீர் போட உள்ளே போனாள். போட்டுக்கொண்டு வர வழக்கத்தைவிட நேரமாயிற்று.

இந்த ரூபினிதான் மூன்று வருடங்களுக்கு முன் மேற்படிப்புக்காக ஓர் ஆய்வைத் தொடங்கினாள். யோங் பெங்கை ஒட்டிய ஓர் ஆட்டுப் பண்ணையில், முதல் ஈற்று ஆடுகளின் குட்டிகள் இரண்டு மாதத்துக்குள் நிறைய செத்துக்கொண்டிருந்தன. ஈன்ற மூத்த ஆடுகளின் சீம்பாலை உறையவைத்துச் சேமித்து, அந்தக் குட்டிகளுக்குக் கூடுதலாக இரண்டு நாள் புகட்டினால் பிழைக்குமா? இதுதான் கேள்வி. பாதிக் குட்டிகளுக்குச் சீம்பால், மீதிப் பாதிக்குச் சாதாரண ஆட்டுப்பால். ஒரு வகை மஞ்சள் மூடிப் புட்டியில், இன்னொன்று பச்சை மூடிப் புட்டியில். எந்தக் குட்டிக்கு எந்த மூடி என்பதைக் குலுக்கிய அட்டைகளை எடுத்து முடிவு செய்ய வேண்டும். அந்த நூற்றிருபது அட்டைகளையும் வெட்டிக் குலுக்கிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தவள் பிரேமலா. ரூபினி கேட்டதும் ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை.

"மஞ்சள் எது, பச்ச எதுன்னு என்கிட்ட கடைசிவரைக்கும் சொல்லாத."

ஆராய்ச்சி உலகத்தில் இது வழக்கம்தான். எண்ணிப் பார்க்கிறவருக்கு எது எந்த மருந்து என்று தெரியக் கூடாது. தெரிந்தால் ஆசை போய் எண்ணில் கை வைக்கும். ரூபினி இதைப் பாடப் புத்தகத்தில் படித்திருந்ததால் மரியாதையோடு தலையாட்டினாள். ஆசை என்று புத்தகம் சொல்வது வேறு, தன்னிடம் இருப்பது வேறு என்பது பிரேமலாவுக்கு மட்டும் தெரியும்.

பண்ணையில் விவரங்களைப் பதிவு செய்தவர் லெட்சுமணன். ஐம்பது வயதுக்கு மேல், பண்ணையின் மேற்பார்வை முழுக்க அவரிடம்தான். முதலில் நோட்டில் எழுதி, பிறகு சனிக்கிழமைகளில் ஒற்றை விரலால் டேப்லெட்டில் ஏற்றுவார். அந்தப் படிவத்தை வடிவமைத்ததும் பிரேமலாவே. மருத்துவமனை ஆய்வுகளில் ஒவ்வொரு கட்டத்திலும் ஆளாளுக்கு மனம்போல எழுதுவதைப் பார்த்து நொந்தவள் என்பதால், குட்டியின் காதில் மாட்டிய வில்லையின் எண்ணைக் கேட்கும் கட்டத்தில் எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி பூட்டிவைத்தாள். அந்தப் பூட்டைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

விவரங்கள் வந்து சேர்ந்தன. நூற்றிருபது வரிகளில் இருபத்தொன்றில், வேறொரு வரியில் இருந்த அதே எண் திரும்ப வந்திருந்தது. லெட்சுமணன் மறந்துபோய் இரண்டாம் தடவை ஏற்றியிருப்பார் என்று நினைத்தாள். மூன்று ஜோடிகளைத் திறந்து பார்த்தாள். மூன்றிலும் மூடியின் நிறம் ஒன்றாகவே இருந்தது. எடையில் மட்டும் சிறு வேறுபாடு. போதும் என்று தோன்றியது. வேறு யாராவது மூன்றைப் பார்த்துவிட்டுப் போதும் என்றிருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இரண்டாவதாக வந்த வரிகளை எல்லாம் ஒரே கட்டளையில் நீக்கினாள். மிச்சம் தொண்ணூற்றொன்பது.

மஞ்சளில் ஐம்பது குட்டிகளில் ஆறு இறப்பு. பச்சையில் நாற்பத்தொன்பதில் பதினொன்று. பார்த்தால் வித்தியாசம்போல இருக்கும். ஆனால் இரண்டு பாலுக்கும் எந்த வேறுபாடும் இல்லாமல் இருந்தாலும்கூட, இந்த அளவு இடைவெளி தற்செயலாக வந்துவிட நூற்றில் பதினேழு வாய்ப்பு உண்டு. ஐந்துக்குக் கீழே இறங்கினால்தான் இந்தத் தொழிலில் வாய் திறப்பார்கள்.

பிடிக்காத முடிவு வந்திருந்தால் அவள் தோண்டித் துருவியிருப்பாள். இது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூலாய் வீட்டு அடுப்படியில் வைத்துச் சொன்னாள். ரூபினி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். தொண்ணூற்றொன்பதா, நூற்றிருபது குட்டி இருந்ததாக நினைவு என்றாள். சில குட்டிகள் இரண்டு முறை ஏறியிருக்கின்றன, எடுத்துவிட்டேன் என்றாள் பிரேமலா, மருத்துவர்களிடம் பேசும் குரலில். எண் என்று வந்தால் அந்தக் குரலுக்கு எதிராகப் பேச ரூபினிக்குத் தெரியாது. "நீங்க சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்" என்றாள். வெங்காயத்தை மறுபடி நறுக்கத் தொடங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது வெங்காயத்துக்காகத்தானா என்று சொல்ல முடியாது. வீடு திரும்பும்போது காரில், இன்று என்ன இவ்வளவு கலகலப்பாக இருக்கிறாய் என்று விஜயன் கேட்டான். வெயில் குறைந்திருக்கிறது, அதுதான் என்றாள்.

கிருஷ்ணம்மாவுக்கு மட்டும் காரணம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. சின்ன மருமகளின் படிப்பு நல்லபடியாக முடிந்தால் முனியாண்டிக்குக் கெடா வெட்டுவதாக அவர் நேர்ந்திருந்தார். மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டதால் சாமிக்குக் கோபம். "கெடாய மொதல்ல குடுத்திருக்கணும். நான்தான் முடியட்டும் முடியட்டும்னு இருந்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். ரூபினி எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆய்வு முடிந்துபோனதால் அதே பண்ணையின் குட்டிகள் விற்பனைக்கு வந்திருந்தன. அங்கேயே ஒன்றைப் பிடித்துவருவதென்று முடிவானது. தனக்கென ஒரு கெடா என்றைக்காவது நேர்ந்ததுண்டா என்று பிரேமலா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். அந்தக் கணக்கு சுலபமாக இருந்தது.

ஆனால் வழக்கம் ஒன்று அவள் பக்கம் இருந்தது. அந்த வீட்டில் நேர்ந்துவிடும் ஆட்டின் தலையில் மூத்த மருமகள்தான் முதலில் கை வைக்க வேண்டும். அதனால் அடுத்த ஞாயிறு பிரேமலாவும் யோங் பெங்குக்குப் போனாள். செம்பனைத் தோட்டத்துக்குள் நீண்டுபோகும் செம்மண் பாதை முடியும் இடத்தில் பண்ணை. ரூபினி இறங்கியதுமே நான்கு திசையிலிருந்தும் ஆடுகள் கத்தின. லெட்சுமணன் ஓடிவந்து, "டாக்டரம்மா" என்று கும்பிட்டார். பிரேமலாவைப் பார்த்து, "இவங்க?" என்று கேட்டார். டேப்லெட் செய்து கொடுத்தவர் என்று ரூபினி சொன்னாள்.

கறுப்பில் வெள்ளை தெறித்த கெடா ஒன்றைக் கிருஷ்ணம்மா தேர்ந்தெடுத்தார். பிரேமலா குனிந்து அதன் நெற்றியில் கை வைத்தாள். அது தலையைத் திருப்பியபோது காதிலிருந்த வில்லை அவள் கண்ணுக்கு நேராக வந்தது. 3A3A.

கையை எடுக்காமலே, இது எத்தனையாவது குட்டி என்று லெட்சுமணனைக் கேட்டாள்.

"அது நாப்பத்து நாலும்மா."

"3A3Aன்னு போட்டிருக்கு?"

"மொதலாளி சீனருல்ல, தௌக்கே நாலு வைக்க மாட்டாரு, அவங்க பாஷையில சாவு மாதிரி கேக்குமாம், ராசியில்லன்னு. நாலு வர்ற எடத்துல எல்லாம் 3A தான். நாப்பதுக்கு 3A0, நாப்பத்தொண்ணுக்கு 3A1."

"டேப்லெட்ல எப்டிப் போட்டீங்க?"

"அதுல A போட்டா செவப்பா திட்டுதும்மா. விட்டுட்டு நம்பர மட்டும் போட்டா வாங்கிக்குது. படிச்சவங்க செஞ்சது, காரணம் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்."

பிரேமலா குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்டில் மூன்றுக்கு அடுத்த பொத்தானில் 3A என்றுதான் இருக்கிறது. பதினோரு வருடமாக அதை அழுத்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். சீன முதலாளியின் பண்ணைக்குப் படிவம் செய்யும்போது அவளுக்கு அது தோன்றவே இல்லை. பதிமூன்றும் பதினான்கும் ஒரே எண்ணாகிவிட்டன. நாற்பதுகள் முழுக்க முப்பதுகளுக்குள் புதைந்துவிட்டன. முப்பத்து மூன்று என்ற ஒரே எண்ணுக்குள் நான்கு குட்டிகள் இருந்தன. அவள் மூன்றைத் தூக்கி எறிந்திருந்தாள். பட்டியலில் நின்ற முப்பத்து மூன்று இறந்துபோன குட்டி. எறியப்பட்டவற்றில் ஒன்று இப்போது அவள் உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தது.

நோட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்தாள். நாற்பதுகள் எல்லாம் டிசம்பர் மழையில் பிறந்தவை, கொட்டகைக்குள் தண்ணீர் ஏறிய வாரம் என்று லெட்சுமணன் பக்கத்தில் நின்று சொன்னார். அந்த வாரத்தில் செத்தவைதான் அதிகம் என்றார். எந்த மூடிக் குட்டிகள் செத்தன என்று அவள் கேட்கவில்லை.

திரும்பும்போது ரூபினி முன் இருக்கையில் இருந்தாள். பின்னால் கிருஷ்ணம்மா தேற்றிக்கொண்டே வந்தார். "வெள்ளிக்கிழம அறிக்கைய அனுப்பிடுறேன்த்த" என்றாள் ரூபினி. "பண்ணைல சீம்பாலு வச்ச ஃப்ரீசரையும் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிட்டேன். வித்தியாசம் இல்லன்னு வந்தாலும் அதுவும் ஒரு முடிவுதான். அக்காவே சொல்லியிருக்காங்க." அக்கா மாமியாருக்குப் பக்கத்தில் ஜன்னல் ஓரம் இருந்தாள். போன் பையில் இருந்தது. சொல்ல வேண்டிய இடம் அதுதான். அயர் ஈத்தாம் தாண்டியது, சிம்பாங் ரெங்கம் தாண்டியது. அவள் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், நீக்கிய இருபத்தொரு வரிகளையும் நோட்டுப் படங்களைப் பார்த்துச் சரியான எண்ணோடு திரும்பச் சேர்த்தாள். மஞ்சளில் அறுபதுக்கு ஏழு. பச்சையில் அறுபதுக்குப் பதினெட்டு. தற்செயலாக இப்படி வர நூற்றில் ஒன்றரை வாய்ப்புகூட இல்லை. பதினேழு ஒன்றரை ஆகிவிட்டது. மடிக்கணினியை மூடிவிட்டு, கொண்டுவந்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைத் திறந்தாள். பாதியில் மூடினாள்.

புதன்கிழமையும் பேசவில்லை. இது வெளியே தெரிய வழியே இல்லை. லெட்சுமணனுக்குப் புரியாது. ரூபினிக்குச் சந்தேகம் வராது. சொன்னால், பதினெட்டு வருடம் பிறரை நிறுத்திக் கேள்வி கேட்டவள், நான்கு என்ற எண்ணில் தடுக்கி விழுந்தாள் என்று ஆகும். அதையும் யாரிடம் சொல்ல வேண்டும்? தேங்காய் துருவித் தருகிறவளிடம். அவள் கோபப்படக்கூட மாட்டாள். அதுதான் தாங்க முடியாதது.

கடைசியில் அவளைப் பேசவைத்தது நேர்மைதான் என்று எழுதினால் பிரேமலாவே ஒப்புக்கொள்ள மாட்டாள். வியாழக்கிழமை காலை குளித்துக்கொண்டிருந்தபோது வேறொன்று தோன்றியது. மஞ்சள் எது என்று தனக்குத் தெரியாதே. பிழைத்தது மஞ்சள். ஒருவேளை மஞ்சள் மூடியில் இருந்தது சாதாரணப் பாலாக இருந்தால்? உறையவைத்த சீம்பாலில் ஏதோ கெட்டுப்போய், ரூபினியின் புட்டிதான் மழை வாரத்தில் குட்டிகளைக் கொன்றிருந்தால்? டாக்டரம்மாவின் கைராசி அதுவாக இருந்தால்? தண்ணீரை நிறுத்திவிட்டு நின்றாள். அந்த நினைப்பு வந்த பிறகு, தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. சீம்பால் அவ்வளவு மோசமாகப் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அவளுக்குத் தெரியும். குறைவு என்பது இல்லை என்பதாகாது என்றும் அவளுக்குத் தெரியும். அதைத்தானே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மதியம் அறைக் கதவைச் சாத்திவிட்டு அழைத்தாள். ரூபினி சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தாள். பின்னால் கிருஷ்ணம்மா கெடாவுக்குப் பலா இலை போடச் சொல்லி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

"ரூபினி, அறிக்கைய அனுப்பிட்டியா?"

"இல்லக்கா, நாளைக்குத்தான்."

"அனுப்பாத. நான் சொன்னது தப்பு. நூத்திருபதும் வேற வேற குட்டிங்க. நாலு இல்லாத நம்பர் அது, 3A. என் படிவம் அந்த Aய வாங்கல. நான் சரியா பாக்காம இருபத்தொண்ண எடுத்துட்டேன். லெட்சுமணன் மேல தப்பு இல்ல, என் மேலதான்."

 பிரேமலா இடைவெளி விடாமல் தொடர்ந்தாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது.

"இப்ப வித்தியாசம் இருக்கு. நல்லாவே இருக்கு. மஞ்சள்ல அறுபதுக்கு ஏழு செத்திருக்கு, பச்சையில பதினெட்டு. இப்ப சொல்லு. மஞ்சள் எது?"

கேட்டுவிட்டு மேசையிலிருந்த இரும்பு அடிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.  மூன்று வருடமாகத் தானே வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த ஒரு சொல்.

"அக்கா" என்றாள் ரூபினி.  "மஞ்சள்தான்க்கா சீம்பாலு."

அப்புறம் அழுகை. நடுவில் சிரிப்பு. என்னடி ஆயிற்று என்று கிருஷ்ணம்மா பக்கத்தில் வந்து கேட்பதும், ரூபினி விக்கிக்கொண்டே சொல்வதும், "பாத்தியா, கெடா வாசலுக்கு வந்த அஞ்சாம் நாளே முனியாண்டி கண்ணத் தொறந்துட்டாரு" என்று அவர் உரக்கச் சொல்வதும் எல்லாம் கேட்டன. ரூபினி, இல்லை அத்தை, அக்காதான் கண்டுபிடித்தார்கள் என்றாள். சாமி யார் மூலமாக வேண்டுமானாலும் சொல்லுவார் என்றார் கிருஷ்ணம்மா. படிவத்தின் பிழையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரூபினிக்கு அது பிழையாகவே படவில்லை போலிருந்தது. எவ்வளவு வேலைக்கு நடுவில் தனக்காக மறுபடி உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அட்டவணையை இப்போதே அனுப்புவதாகப் பிரேமலா சொன்னாள். அனுப்பினாள். எந்த வரி ஏன் திருத்தப்பட்டது, யாருடைய தவறு என்பதையும் அடியில் எழுதி, தன் முழுப் பெயரையும் போட்டு அனுப்பினாள்.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அதற்குள்ளிருந்து ரூபினியின் குரல் சன்னமாக வந்துகொண்டே இருந்தது. பிரேமலா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, நூற்றிருபது வரிகளையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள். அதே எண் வந்தது. திரையை இன்னும் சற்று அருகே இழுத்துக்கொண்டு, இன்னொரு முறை ஓட்டினாள்.